தபால்காரியின் இடது கை

கிட்ட வாங்க கண்ணுங்களா. அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். பெற்ற மகளைப் பார்ப்பதற்கு மனுப் போட்ட ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், தப்பில்லை. நடுவில் வேறு ஏதாவது வந்து தொண்டையை அடைத்தால் என்மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நியூயார்க்கில் நாற்பத்தைந்தாம் தெருவில் ஒரு நாடக அரங்கம். அதில் முப்பத்தெட்டு வருஷம் வந்தவர்களுக்கெல்லாம் இருக்கை காட்டியவள் இர்மா வலென்டின். எல்லோரும் உட்கார்ந்து விளக்கு அணைந்ததும், பின்சுவரில் சாய்ந்துகொண்டு அவளும் பார்ப்பாள். ஒரே நாடகத்தைத் தொள்ளாயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அலுத்ததில்லை. நாயகி எடுத்து வைக்கிற முதல் அடியின் சத்தத்தை வைத்தே, இன்றைக்கு அவள் வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவாள். பிராட்வே என்கிற அந்த நாடகப் பேட்டையில் எந்த வருஷம் எந்த அரங்கில் எந்த நாடகம் ஓடியது, எந்தப் பாட்டுக்குச் சனம் எழுந்து நின்றது என்று கேட்டால், பஞ்சாங்கம் மாதிரி ஒப்பிப்பாள். படிப்பு என்னவோ எட்டாம் வகுப்போடு சரி.

அவளுடைய ஒரே மகள் நோயெமி. எதிர்ப்பக்க அரங்கில் 'கடற்கரைத் தபால்காரி' என்ற பாட்டு நாடகத்தில், கூட்டத்தோடு மூன்றாம் வரிசையில் ஓரமாக ஆடிக்கொண்டிருந்தாள். நாயகிக்கு உடம்பு முடியாமல் போனால் அவளுக்குப் பதில் ஏறுவதற்கும் நோயெமிதான். ஆனால் நாயகி ஆர்லீன் டெவ்ரோவுக்கு உடம்பு முடியாமல் போகிற வழக்கமே கிடையாது. தேக்குமரம் மாதிரி உடம்பு. நோயெமி தபால்காரி வேஷத்தின் ஒவ்வொரு வரியையும் குளியலறையில் பாடிப் பாடியே இரண்டு வருஷம் கழிந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை, தொண்ணூற்று நாலாம் வருஷம் மார்ச் மாதம், மதியம் பன்னிரண்டரைக்கு டெலிபோன் அடித்தது.

"அம்மா, அந்தம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. இன்னைக்கு நான்தான் தபால்காரி!"

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பேட்டையில் எல்லா அரங்குகளிலும் ஒரே நேரத்தில் திரை ஏறும். அதனால் நாடகக்காரர்கள் மட்டும் மற்ற நாடகங்களைப் பார்க்கவே முடியாது. மிட்டாய்க் கடைக்காரனுக்குச் சர்க்கரை வியாதி வந்த மாதிரி. இர்மா தன் மேலாளரிடம் ஓடினாள்.

"இன்னைக்கா? கனெக்டிகட்லருந்து மூணு பஸ் வருது இர்மா. அத்தனையும் முட்டிவலிக் கேசுங்க. மாடி ஏத்திவிட யார் இருக்கா? உம் மக நாளைக்கும் ஆடுவா, போ."

நாளைக்கு ஆடவில்லை. வியாழக்கிழமை ஆர்லீன் அம்மாவின் தொண்டை திறந்துகொண்டது. நோயெமி மூன்றாம் வரிசை ஓரத்துக்குத் திரும்பினாள். ஆறு வருஷம் கழித்து, முப்பத்தொரு வயதில், அவள் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அந்த ஒரு மதியத்தைத் தவிர அவள் நடுமேடையில் நின்றதே இல்லை. அந்த ஒரு மதியத்தைப் பெற்றவள் பார்க்கவில்லை.

அந்த மதியம் போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது. போன செப்டம்பரில் மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, மேல்வீட்டு ஷெல்டன் பிங்கஸ் சாதாரணமாக ஒரு வார்த்தையைப் போட்டார். தபால்காரி நாடகத்துக்கு அரங்கின் உச்சியில் நின்று, ஆடுகிறவர்மேல் ஒளிவட்டம் அடித்தவர் அவர்.

"அன்னைக்குத்தானே பின்னாடி கேமரா வெச்சுப் படம் பிடிச்சாங்க. மேடைச் சுவடிக் காப்பகத்துக்காரங்க."

இர்மா காப்பியைப் படியில் வைத்தாள். "என்னைக்கு?"

"நோயெமி ஆடுன அன்னைக்கு."

"முப்பது வருஷமா இதைச் சொல்லாம வெச்சிருந்தியா, பாவி மனுஷா?"

"நீ கேக்கலையே."

அந்த நேரம் இர்மாவுக்கு எழுபத்து நாலு வயது. ஒரு வருஷமாகவே கண்ணில் நடுப்பகுதி போய்விட்டிருந்தது. எதை நேராகப் பார்த்தாலும் அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்தான் இருக்கும். எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். அப்போது ஓரக்கண்ணில் முகம் தெரியும். ஓரமும் மங்கிக்கொண்டு வருகிறது, கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மறுநாளே இர்மா காப்பகத்துக்குப் போனாள். ஆறாம் மாடி. கூடத்தில் ஆர்லீன் டெவ்ரோவின் வெண்கலச் சிலை, இடது கையில் ஒரு கடிதத்தைத் தூக்கிப் பிடித்தபடி. அடியில், 'அறுநூற்றுப் பதினோரு காட்சிகள். ஒன்றும் தவறாதவர்' என்று பொறித்திருந்தது. உள்ளே ஏழாயிரத்துச் சொச்சம் நாடகப் பதிவுகள், சிப்பாய்கள் மாதிரி வரிசையாக. பார்ப்பதற்கு ஒரே ஒரு நாற்காலி.

மேசையில் இருந்தவள் பிரெண்டா ஓக்லி. பதினோரு வருஷமாக அங்கே இருக்கிறாள். படிவத்தை வாங்கிப் பார்த்தாள்.

"பார்க்கும் நோக்கம்னு கேட்டிருக்கோம். 'என் மக'ன்னு எழுதியிருக்கீங்களேம்மா?"

"ஆமா. எம் மகளைப் பார்க்கணும்."

"ஆராய்ச்சி, தொழில், கல்வி. இந்த மூணுல ஒண்ணுதான் எழுதலாம். மகள்னு கட்டமே இல்லையே."

"சரி, நாடகத்து மேல உள்ள பிரியம்னு போட்டுக்கோம்மா. அதுவும் நெசந்தான்."

பிரெண்டா பேனாவைக் கீழே வைத்தாள். "அதைப் போட்டா உடனே தள்ளுபடி ஆயிடும். பிரியத்துல வர்றவங்க அழுவாங்க. ஒரு தடவை பார்த்தா மறுபடி பார்க்கணும்பாங்க. ஆராய்ச்சிக்காரங்க அப்படி இல்லை. பாதியிலயே தூங்கிடுவாங்க. பதிவு நாடாவும் தேயாது."

அப்புறம் அவள் பட்டியலைப் புரட்டி, அந்த நாடாவில் நோயெமி வலென்டினே கிடையாது என்றாள். தபால்காரியாக நடித்தவர்: ஆர்லீன் டெவ்ரோ. அச்சடித்த நிகழ்ச்சிப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்ததாம்.

இர்மா பையைத் திறந்து, முப்பது வருஷமாகப் பைபிளுக்குள் வைத்திருந்த வெள்ளைத் துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். நாயகி வராத நாளில் புத்தகத்துக்குள் செருகிக் கொடுப்பார்களே, அந்தச் சீட்டு. 'இன்றைய மதியக் காட்சியில் தபால்காரியாக நோயெமி வலென்டின்.' தேதியும் இருந்தது.

பிரெண்டா அதைக் கையால் தொடாமல் குனிந்து படித்தாள். "இது உதிரித்தாள்மா. உதிரித்தாளை நாங்க சரித்திரமா எடுத்துக்கிறதில்லை. தைச்சிருந்தாத்தான்."

"அப்ப நாடாவைப் போட்டுப் பாருங்க. ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்."

"பார்க்கிறதுக்கு அனுமதி வேணும்."

"அனுமதிக்கு என்ன வேணும்?"

"அதுல உங்க மக இருக்காங்கன்னு ஆதாரம் வேணும்."

இர்மா சீட்டைப் பைக்குள் திருப்பி வைத்தாள். பிறகு, "ஏம்மா, நீயே ஒரு எட்டுப் பார்த்துச் சொல்லக் கூடாதா?" என்றாள். பிரெண்டா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பதினோரு வருஷத்துல நான் ஒரு நாடகத்தையும் பார்த்ததில்லைம்மா. பார்க்கிறவங்களைப் பார்க்கிறதுதான் என் வேலை."

அக்டோபர் முழுக்க இர்மா படியேறினாள். ஆராய்ச்சியாளராக மாறி வந்தால் யோசிக்கலாம் என்றார்கள். ஷெல்டன் தூண்டிவிட, பெரிய எழுத்தில் இருபது பக்கம் எழுதிக் கொண்டுபோனாள்: இருக்கை காட்டுகிறவர்கள் பின்சுவரிலிருந்து பார்த்த முப்பத்தெட்டு வருஷ நாடகங்கள். நிபுணர் ஒருவர் படித்துவிட்டு, 'விவரங்கள் சரியாக இருக்கின்றன. ஆனால் ஆசிரியை இவற்றையெல்லாம் நேரில் பார்த்திருப்பதால் நடுநிலை இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

"நேர்ல பார்த்தது குத்தமா?" என்றாள் இர்மா.

"கல்யாணத்துக்குப் போகாதவன்தான் மொய்க்கணக்கு எழுதணுமாம்" என்றார் ஷெல்டன். "விடு, நம்ம தலையெழுத்து."

நவம்பரில் காப்பகத்திலிருந்து தங்க ஓரம் போட்ட உறை வந்தது. இர்மா ஓரக்கண்ணால் எழுத்துக்கூட்டிப் படித்தாள். வந்தது அனுமதி அல்ல. விருது. 'வாழ்நாள் பார்வையாளர் மாணிக்கம்.' விண்ணப்பத்தை மறுத்தால் காரணம் எழுத வேண்டும். விருது கொடுத்தால் போட்டோ எடுத்தால் போதும் என்று அங்கே யாருக்கோ யோசனை வந்திருக்கிறது.

விருது விழா மதிய விருந்தோடு நடந்தது. சால்மன் மீனும் குட்டிக் குட்டி உருளைக்கிழங்கும் வைத்தார்கள். இர்மா பளபளக்கிற கறுப்பு உடையில் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இயக்குநர் டாக்டர் ஹார்லன் விட்கம்ப் எழுந்து ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"பெருமக்களே! மேடைக்கலை என்பது நீர்மேல் எழுத்து. நடந்த கணமே மறைவது அதன் அழகு. அந்த மறைவைத்தான் நாங்கள் கண்ணுக்குக் கண்ணாகக் காத்து வருகிறோம். சென்ற ஆண்டு பத்தொன்பது பேர் நம் பதிவுகளைப் பார்த்துவிட்டார்கள். இந்த ஆண்டு, உங்கள் ஆதரவால், அதை ஏழாகக் குறைத்திருக்கிறோம்!"

கைதட்டல் அடங்க நேரம் ஆனது.

"அடுத்த ஆண்டு ஒருவரும் பார்க்காத நிலையை எட்டுவோம் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. நண்பர்களே, பொறாமைப்படாதீர்கள். நான் ஒரே ஒரு பதிவைப் பார்த்திருக்கிறேன். 'கடற்கரைத் தபால்காரி.' இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரே ஒரு முறை. அதை வைத்துத்தான் என் நூலின் முந்நூறு பக்கங்களையும் எழுதினேன். இரண்டாம் பாகம். கலங்கரை விளக்கத்தின் மணி மூன்று முறை அடிக்கிறது. ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்துவிட்ட தபால்காரியின் பையில் ஒரே ஒரு கடிதம் மிஞ்சியிருக்கிறது. அது அவள் பெயருக்கே வந்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை. இடது கையால்... ஆம், இடது கையால்... அதை மெல்ல வெளிச்சத்துக்கு நேரே தூக்குகிறாள். மணிக்கட்டில் ஒரு நடுக்கம். ஆர்லீன் டெவ்ரோ வலது கைக்காரர் என்பது நீங்கள் அறிந்ததே. அந்த ஒரு கணத்துக்காக அவர் இடது கையைத் தேர்ந்தெடுத்தார்! ஏன்? இரண்டு பல்கலைக்கழகங்களில் இன்று அது தனிப்பாடம்!"

நாற்காலி கீழே விழுகிற சத்தம் கேட்டது. இர்மா எழுந்து நின்றிருந்தாள்.

"ஐயா! அது எம் மக கை! பள்ளிக்கூடத்துல கன்னியாஸ்திரீங்க ஸ்கேலால அடிச்ச கை. அடிச்சும் மாறாத கை. சோறு தின்னது, பல்லு விளக்குனது, ஆஸ்பத்திரியில என்னைப் பிடிச்சிருந்தது, எல்லாம் அந்த இடது கைதான். எம் மகளை ஒரே ஒரு தடவை காட்டுங்கய்யா. எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு!"

 பிறகு பின்வரிசையில் யாரோ "பிராவோ!" என்றார்கள். ஒருவர் எழுந்தார். பத்துப் பேர் எழுந்தார்கள். இப்போதெல்லாம் பிராட்வேயில் எதற்குத்தான் எழுந்து நிற்பதில்லை? முந்நூறு பேரும் எழுந்து கைதட்டினார்கள். பக்கத்திலிருந்த பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னமா நடிச்சீங்க! எத்தனை நாள் ஒத்திகை?" என்று கேட்டாள்.

ஆனால் டாக்டர் விட்கம்ப் கைதட்டவில்லை. அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டிருந்தது.

அடுத்த வாரம் உண்மைத் துணைக்குழு கூடியது. ஐந்து பேர். இர்மாவையும், சாட்சிக்கு ஷெல்டனையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"அன்னைக்கு ஒளிவட்டம் நான்தான் அடிச்சேன். ஆர்லீன் அம்மாவா இருந்தா நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கலாம். வெளிச்சம் எங்க இருக்கோ அங்க அவங்களே வந்துடுவாங்க. இந்தப் பொண்ணுக்கு நான் தேடிப் போகணும். அவ பாட்டுக்குக் கதையில இருப்பா. வெளிச்சத்தை நினைக்கவே மாட்டா."

குழு குறித்துக்கொண்டது: 'சாட்சி உயரத்தில் இருந்தார். அங்கிருந்து தலைதான் தெரியும், முகம் தெரியாது.'

ஷெல்டன் போனபிறகு விட்கம்ப் இர்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர், அதுதான் கஷ்டம்.

"பாருங்கம்மா, மனசு விட்டுப் பேசுறேன். நீங்க சொல்றது உண்மையா இருக்கும்னுதான் எனக்கும் தோணுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஆர்லீன் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசு. அன்னைக்குத் தானே ஆடினதா நம்புறாங்க. அந்தக் கை எப்படித் தோணுச்சுன்னு நாலு பேட்டியில சொல்லியிருக்காங்க. அவ்வளவு தெளிவா ஞாபகம் இருக்கு. கூடத்துல சிலை இருக்கு. கையை மட்டும் மாத்த முடியுமா? என் புத்தகம் இருக்கு. பாடம் படிச்சுப் பட்டம் வாங்கின பிள்ளைங்க இருக்காங்க. நினைவைக் காக்கிறதுதான் எங்க வேலை. உண்மைக்கு வேற எங்கயாவது இடம் இருக்கும்."

"எனக்குச் சிலையும் வேணாம், புத்தகத்துல பேரும் வேணாம். பார்த்தாப் போதும்."

"காட்டுறேன்." அவர் ஒரு தாளை முன்னால் தள்ளினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்களை ஆராய்ச்சியாளராவே பதிவு பண்ணிடறேன்."

தாளில் ஒரே வரி. 'இந்தப் பதிவில் தபால்காரியாகக் காணப்படுபவர் ஆர்லீன் டெவ்ரோ என்பதையும், வேறு எவரும் அல்லர் என்பதையும் முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறேன்.'

இர்மா யோசிக்க ஒரு நாள் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"போடாத இர்மா" என்றார் ஷெல்டன். "போட்டுட்டீன்னா உம் மக ஆடவே இல்லைன்னு ஆயிரும்."

"போடலேன்னா நான் பார்க்கவே இல்லைன்னு ஆயிரும், ஷெல்டன்."

 அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

டிசம்பர் பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு இர்மா கையெழுத்துப் போட்டாள். கோடு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. பிரெண்டா அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். பெற்றவள் தன் கையால் தன் மகளை அந்த மேடையிலிருந்து இறக்கினாள். மை காய ஊதினார்கள்.

பிறகு அந்த ஒற்றை நாற்காலி. பிரெண்டா விதிகளைப் படித்தாள். ஆயுளுக்கு ஒரு தடவை. நிறுத்தக் கூடாது, திருப்பிப் போடக் கூடாது, கூட யாரும் இருக்கக் கூடாது. கண் திரையை விட்டு விலகக் கூடாது. மூன்றாம் தடவை விலகினால், பார்க்க விருப்பமில்லை என்று கொண்டு பதிவு நிறுத்தப்படும்.

"ஏம்மா, நான் பார்க்கணும்னா வேற பக்கம்தான்மா பார்க்கணும். எங்கண்ணு அப்படி."

பிரெண்டா விதித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கண்ணைப் பத்தி இதுல ஒண்ணுமே போடலியேம்மா" என்றாள் மெதுவாக.

விளக்கு அணைந்தது. வாத்தியங்கள் தொடங்கின. இர்மா திரையை நேராகப் பார்த்தாள். நடுவில் சாம்பல் வட்டம். அதைச் சுற்றி, விளிம்பில், கூட்டத்து ஆட்டக்காரர்களின் கால்கள் மட்டும் பறந்துகொண்டிருந்தன. மூன்றாம் வரிசை ஓரம் அன்றைக்குக் காலியாக இருந்தது. வட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் பாட ஆரம்பித்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு வருஷம் கேட்ட குரல்.

இர்மாவின் தலை தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது.

"ஒண்ணு" என்றாள் பிரெண்டா.

வெடுக்கென்று நேராக்கிக்கொண்டாள். முதல் பாகம் முடிவதற்குள் சனம் ஒரு பாட்டுக்குக் குலுங்கிச் சிரித்தது. எதற்கென்று தெரியாமல் இருக்க முடியவில்லை. திரும்பினாள். ஒரு தொப்பியும் பாவாடையின் சுழலும் தெரிந்தன.

"ரெண்டும்மா. வேணாம்மா."

அதற்கப்புறம் இர்மா திரும்பவில்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் அந்தச் சாம்பல் வட்டத்தையே இமைக்காமல் பார்த்தாள். உள்ளே மகள் ஆடுகிறாள், ஓடுகிறாள், யாரையோ கேலி செய்கிறாள், மூச்சு வாங்குகிறாள். அத்தனையும் காதுக்கு வந்தது. கண்ணீர் வழிந்து கழுத்துக்குள் போனது. கண்ணைத் துடைத்தால் விலகியதாகக் கணக்கு வைத்துவிடுவார்களோ என்று அதையும் துடைக்கவில்லை.

பாட்டு நின்றது. மணி ஒன்று அடித்தது. இரண்டு.

மூன்றாவது மணிக்கு இர்மா நிதானமாக, வேண்டுமென்றே, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

ஓரக்கண்ணில் மகள் நின்றாள். இருபத்தைந்து வயது. இடது கையில் கடிதம். அது மெல்ல மேலே போனது. ஒளிவட்டம் தேடிக்கொண்டு பின்னாலேயே போனது. மணிக்கட்டு நடுங்கியது. அது நடிப்பில்லை. பயந்தால் அவளுக்கு எப்போதும் அங்கேதான் நடுங்கும்.

விதிப்படி உடனே நிறுத்த வேண்டும். பதினோரு வருஷமாக அதே இடத்தில் இருக்கிற பொத்தான்; பிரெண்டாவின் விரல் அன்றைக்கு அதைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எவ்வளவு நேரம் என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

"மூணு" என்றாள் பிரெண்டா.  திரை இருண்டது.

அவள் பதிவேட்டை எடுத்து எழுதினாள். என்ன எழுதினாள் என்று இர்மா கேட்டாள். பிரெண்டா படித்துக் காட்டினாள்: 'பார்வையாளர் திரையைப் பார்க்கவில்லை.'

"சரிம்மா" என்றாள் இர்மா. கோட்டை மாட்டிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிக் கீழே இறங்கினாள்.

தெருவில் ஷெல்டன் குளிரில் குறுகிப்போய் நின்றுகொண்டிருந்தார். "பார்த்தியா?"

 இர்மா கையுறையைக் கழற்றினாள். சனம் இடித்துக்கொண்டு போகிற நடைபாதையில் நின்று, இடது கையை மெல்லத் தூக்கினாள்.

ஷெல்டன் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றார். "வெளிச்சத்தை நான் அங்கதான் நிறுத்தினேன்."

அவள் இன்னும் கொஞ்சம் தூக்கினாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. பெற்ற பிள்ளையைப் பார்க்க எவர் கையெழுத்தும் வேண்டாத வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நடுக்கூடத்தில் ஆடட்டும். நீங்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து, கண் நிறையப் பார்த்துக்கொண்டே இருங்கள். நல்லா இருங்க.